திருப்பி அளக்காத தகடுகள்

எங்கள் மூத்தோர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுக் குகன் மூன்று மாதமாக அலைகிறான். குகன் மலர்க்குழுவில் இருக்கிற பிள்ளை. நாற்பது தாண்டிவிட்டது, ஆனாலும் சங்கத்தில் எங்களுக்கெல்லாம் பிள்ளைதான். "அன்ரி, லண்டனிலை வானாய்வகத்திலை இருவது வருசம் வேலை செய்த தமிழ்ப் பொம்பிளை எனக்குத் தெரிய நீங்கள் ஒராள்தான். கொஞ்சம் பெருமையா எழுதுங்கோ, எங்கடை பிள்ளையள் வாசிக்க வேணும்" என்றான். பெருமையாக எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். முழங்கால் வலி வந்தது, பெருமை வரவில்லை.

அதற்கிடையில் போன மாதம் ஒரு பெண் எங்கள் வால்தம்ஸ்டோ வீட்டுக்கு வந்து போனாள். அவள் வந்து போன பிறகு என்னால் எழுதக்கூடியது இது ஒன்றுதான். போடுவதும் விடுவதும் குகன் பாடு.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வானாய்வகத்தில் வேலை என்றதும் நான் தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துக்கொண்டிருந்ததாகச் சங்கத்தில் பலர் நினைக்கிறார்கள். நான் வேலை செய்தது நிலவறையில். ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்பது மத்தியானம் மேலே ஏறினால்தான் தெரியும். இருபது வருடத்தில் அந்தத் தொலைநோக்கியை நான் தொட்டதுகூட இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கலியாணமாகி வந்தவள் நான். ஊரில், யாழ்ப்பாணத்தில், உயர்தர வகுப்பில் தூய கணிதம் படித்திருந்தேன். லண்டனின் வடக்கு ஓரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழக வானாய்வகத்தில் "அளவையாளர் தேவை, கணிதம் தெரிந்திருத்தல் வேண்டும், பொறுமை அவசியம்" என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. பொறுமை இருக்கிறது என்று எழுதிப் போட்டேன். மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அதை நிரூபிக்கக் கஷ்டமில்லை. எடுத்துக்கொண்டார்கள். மூன்று கிழமைப் பயிற்சி. பிறகு இருபது வருடம்.

வேலை இதுதான். தொலைநோக்கியின் பின்னால் கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து வானத்தைப் படம் பிடிப்பார்கள். கழுவி எடுத்தால் கண்ணாடியில் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். பிரகாசமான நட்சத்திரம் பெரிய புள்ளி, மங்கலானது சின்னப் புள்ளி. அந்தத் தகட்டை அளவுப் பொறியின் மேடையில் வைத்து, நுணுக்குக்காட்டி வழியாகப் பார்த்து, ஒரு திருகைத் திருகிக்கொண்டே போக வேண்டும். பார்வைக்குள் சிலந்தி இழை அளவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு புள்ளியைச் சரிபாதியாக வெட்டும் இடத்தில் கையை நிறுத்தி, எண்ணைப் படித்து எழுத வேண்டும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற அளவு. ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு தடவை. ஒரு தகட்டில் முப்பது புள்ளி. இரண்டரை மணித்தியாலம்.

அது முடிந்ததும் தகட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி வைத்து, எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். இன்னொரு இரண்டரை மணித்தியாலம். இது எதற்கு என்று முதல் கிழமையே எரிச்சலோடு கேட்டேன். எனக்கு மேலதிகாரியாக இருந்த டாக்டர் எக்லே என்னிடம் ஒரு பழைய தகட்டைத் தந்து அளக்கச் சொன்னார். மறுநாள் என் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மிஸிஸ் சிவலிங்கம், பெரிய புள்ளிகளை நீங்கள் இரண்டு மைக்ரோன் இடது பக்கமாக வெட்டுகிறீர்கள். நான் ஒரு மைக்ரோன் வலது பக்கமாக வெட்டுவேன். நேராக வெட்டுகிற மனிதர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. அதனால் தகட்டைத் திருப்புகிறோம். திருப்பினால் உங்கள் இடது வலதாகிவிடும். திருப்பிய எண்ணை நேராக்கி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உங்கள் பிழை போய்விடும், நட்சத்திரம் மட்டும் மிஞ்சும்."

மைக்ரோன் என்பது அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது வருடத்தில் அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர் எக்லே லத்வியா நாட்டுக்காரர். ரீகா நகரத்தில் வானியல் படித்து அங்கேயே உதவியாளராக இருந்தவர். யுத்தத்தின் கடைசியில் ரஷ்யப் படை திரும்பி வரும்போது ஜெர்மனிக்கு ஓடியிருக்கிறார். அங்கே அகதி முகாமில் அகதிகளே நடத்திய பல்கலைக்கழகத்தில், புத்தகமில்லாமல் ஞாபகத்திலிருந்து படிப்பித்திருக்கிறார். பிறகு இங்கிலாந்துக்குக் கூலியாளாக எடுக்கப்பட்டு இரண்டு வருடம் செங்கல் சூளையில் வேலை. அங்கிருந்து வானாய்வகத்துக்கு, அதுவும் எடுபிடி வேலைக்கு. அவருடைய ரீகாப் பட்டத்தை இங்கே ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை, மறுபடி இங்கே படித்துத்தான் டாக்டர் ஆனார். நான் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவருக்குப் பாதி வயதுப் பையன்கள் பதவியில் அவருக்கு மேலே இருந்தார்கள். இவற்றையெல்லாம் அவர் உட்கார்ந்து கதையாகச் சொன்னவரில்லை. தேநீர் நேரத்தில் வருடத்துக்கு ஒரு வசனம் என்று விழுந்ததைப் பொறுக்கிச் சேர்த்தது.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நிர்வாகத்திலிருந்து ஒரு படிவம் வரும். குடியுரிமை என்ற இடத்தில் 'லத்வியா' என்று எழுதுவார். அது திரும்பி வரும், இப்படி ஒரு நாடு எங்கள் பட்டியலில் இல்லை என்ற குறிப்போடு. அவர் அந்தக் குறிப்புக்குக் கீழே "பட்டியலைத் திருத்தவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அதைத் தபாலில் சேர்ப்பது என் வேலை. ஒரு வருடம் பொறுக்க முடியாமல், "பிரித்தானியக் குடியுரிமை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே டாக்டர்" என்றேன்.

"எடுத்தால் தொல்லை இல்லைதான். ஆனால் நாடும் இல்லை" என்றார். படிவத்தை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

எனக்கு அது அப்போது வெட்டி வீம்பாகப்பட்டது. என் கணவர் சிவலிங்கமும் நானும் வந்த ஐந்தாம் வருடமே பிரித்தானியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டோம்.

இனி ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன். அதற்குப் பெயர் கிடையாது, பட்டியல் எண்தான். கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நட்சத்திரம். ஆனால் எங்களுடைய தகடுகளில் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைவிடப் பெரிய புள்ளி. டாக்டர் எக்லே எடுபிடி வேலையிலிருந்து மேலே வந்த நாளிலிருந்தே, வேறு ஒருவருக்கும் தேவைப்படாத அதை வருடா வருடம் படம் பிடிப்பித்துச் சேர்த்துவைத்திருந்தார். அது பக்கத்தில் இருக்கிற நட்சத்திரங்களுக்கு நடுவே நேர்கோட்டில் நகர்கிறதா, கொஞ்சம் தள்ளாடுகிறதா என்பதுதான் கேள்வி. தள்ளாடினால், நாங்கள் காணாத ஏதோ ஒன்று அதைச் சுற்றுகிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை. அதைக் கண்டால் பெரிய விஷயம். அவர் அதை ஒருநாளும் பெரிய விஷயம் என்று சொன்னதில்லை, ஆனால் அந்தத் தகட்டுப் பெட்டியை வேறு எவரும் தூக்க விடமாட்டார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். யாழ்ப்பாணத்தில் என் கடைசித் தம்பியை வீதியில் வைத்து இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அம்மா தனியே. கடிதம் வர மூன்று கிழமை, தொலைபேசி எடுத்தால் பாதி நேரம் இணைப்பு இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஓடு, இங்கே ஓடு, பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுது, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுது. திரும்பி வந்து நிலவறையில் உட்கார்ந்தால் புள்ளி இரண்டாகத் தெரியும்.

ஒருநாள் ஒரு தகட்டின் நேர் அளவை மட்டும் முடித்துவிட்டு, திருப்பி வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். தகட்டைத் திருப்பினால் எண்கள் மறுமுனையிலிருந்து ஓடுவதால், எந்தப் புள்ளியின் நேர் அளவையும் திருப்பிய அளவையும் கூட்டினாலும் அந்தத் தகட்டுக்கு ஏறக்குறைய ஒரே எண் வரும். அந்த எண் தெரிந்தால் திருப்பிய அளவைக் கழித்தலிலேயே எழுதிவிடலாம். அங்கே ஒன்றைக் கூட்டி, இங்கே ஒன்றைக் குறைத்தால் உண்மையாக அளந்தது மாதிரியே இருக்கும். எழுதினேன். இரண்டரை மணி வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. மிச்ச நேரம் செஞ்சிலுவைக் கடிதத்தை எழுதினேன்.

அந்த ஒன்றோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு முப்பத்தொரு தகடு.

லீவு கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டால் தந்திருப்பார். ஆனால் அந்த நேரம் ஆட்குறைப்பு என்ற பேச்சு இருந்தது. அத்தோடு, என் வீட்டுக் கண்ணீரைக் கொண்டுபோய் வெள்ளைக்காரர் முன்னால் வைக்க எனக்கு வெட்கம். அவர் ஆங்கிலேயரில்லை, அகதிதான் என்பது என் மூளைக்குத் தெரியும், மனதுக்கு ஏறவில்லை.

ஒரு விதி இருந்தது. நான் அளக்கிற ஐந்து தகட்டில் ஒன்றை அவர் தானே அளந்து பார்த்து, ஒத்துவந்தால் அளவுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் அடியில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவை அவர் கீழே வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். கதவடியில் நின்று, என்ன நடந்தது என்று கேட்டார். தம்பியைப் பிடித்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். "என் அண்ணனைப் பற்றிய செய்திக்கு நான் பதினொரு வருடம் காத்திருந்தேன்" என்றார். செய்தி வந்ததா, என்ன செய்தி என்று சொல்லவில்லை. பிறகு, "நான் உங்களைத் தொந்தரவு செய்யப்போவதில்லை" என்று சொல்லி, புத்தகத்தை எடுத்து, அளக்காமலே பக்கங்களின் அடியில் கையெழுத்து வைத்துவிட்டு மேலே போனார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படியே செய்தார். அவர் அளந்திருந்தால் முதல் தகட்டிலேயே பிடித்திருப்பார்.

தம்பி ஏழு மாதத்தில் விடுதலையானான். இப்போது கனடாவில் வீடு விற்கிறான். எங்களோடு கதைக்க அவனுக்கு நேரமில்லை.

நான் திரும்பவும் ஒழுங்காக அளக்கத் தொடங்கினேன். ஆனால் அந்தக் குளிர்கால எண்கள் புத்தகத்தில் இருந்தன. திருப்பாததால் என் இரண்டு மைக்ரோன் இடது அப்படியே அதற்குள் தங்கிவிட்டது. எங்கள் நட்சத்திரம் பெரிய புள்ளி. ஆகவே அது அந்த வருடம் மட்டும் தன் இடத்திலிருந்து விலகி நின்றது. நட்சத்திரம் விலகவில்லை, என் கண் விலகியது. டாக்டர் எக்லே வரைபுத் தாளில் புள்ளிகளைக் குறித்தபோது நேர்கோடாக வரவேண்டியது ஒரு மேடாக எழும்பியிருந்தது.

அவர் அந்தத் தாளை நிலவறைக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டிய நாள் எனக்கு மறக்காது. அந்த மேட்டில் விரலை வைத்தார். "பாருங்கள், மிஸிஸ் சிவலிங்கம்" என்றார். நானும் பார்த்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அவர் அவசரப்படவில்லை. இன்னும் மூன்று வருடம் தகடு சேர்த்தார். பிறகு வந்த அளவுகள் பழைய கோட்டுக்கு இறங்கின. துணை சுற்றி மறுபக்கம் போனால் அப்படித்தான் வரும் என்று அதுவும் கணக்கில் பொருந்தியது. துணை இருக்கிறது என்று வானியல் இதழ் ஒன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. கடைசியில் எனக்கு நன்றி என்று ஒரு வரி. அந்த வருடம்தான், ஓய்வு பெற வேண்டிய வயதும் தாண்டியபின், அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். தேநீர் விருந்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

பிறகு சோவியத் உடைந்தது. லத்வியா மறுபடி நாடானது. அடுத்த வசந்தத்தில் ரீகாவிலிருந்து அழைப்பு வந்தது: அவர் படித்த பல்கலைக்கழகத்தில், தன் கண்டுபிடிப்பைப் பற்றி ஓர் உரை. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதல் தடவை ஊருக்குப் போகிறார். காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினார். படங்களை ஒழுங்குபடுத்தி ஒரு பெட்டியில் அடுக்கிவைத்தார். என்னிடம் இரண்டு தடவை, "அங்கே என் மொழியில் பேச வேண்டும். வானியல் சொற்கள் மறந்துவிட்டன" என்றார். சந்தோஷமாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புறப்பட மூன்று கிழமை இருக்கும்போது மேலே போய் அவருடைய அறைக் கதவைத் தட்டினேன்.

"டாக்டர், அந்தக் குளிர்கால அளவுகளில் திருப்பிய பக்கத்தை நான் அளக்கவில்லை."

"எந்தத் தகடு?"

"எல்லாம். முப்பத்தொன்றும். கழித்து எழுதினேன்."

புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். நிலவறைக்கு இறங்கி, எடுத்துக்கொண்டு ஏறினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தை விரித்து, பென்சிலால் மூன்று வரிகளை மட்டும் கூட்டினார். நேர் அளவும் திருப்பிய அளவும். பெரிய புள்ளிக்கும் சின்னப் புள்ளிக்கும் கூட்டுத்தொகையில் ஒரு வித்தியாசம் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் என் கண் அப்படி. இருக்கவில்லை.

"மிகவும் சுத்தமாக இருக்கிறது" என்றார். பிறகு பக்கத்தின் அடிக்குப் போனார். அங்கே அவருடைய கையெழுத்து. அதை நெடுநேரம் பார்த்தார்.

"நீங்கள் என்னை நம்பினீர்கள்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நம்புவதற்கு எனக்குச் சம்பளம் தரவில்லை. அளந்து பார்க்கத்தான் தந்தார்கள்." புத்தகத்தை மூடினார். "உங்கள் தம்பி இப்போது எங்கே?"

"கனடாவில்."

"உயிரோடு."

"ஆமாம், டாக்டர்."

"நல்லது. புத்தகத்தை இருந்த இடத்தில் வையுங்கள்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால், வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அன்று பின்னேரம் சிவலிங்கத்திடம் சொன்னேன். அவர் அப்போது தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. ஷிப்டுக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"விசரே உமக்கு? பென்சனுக்கு இன்னும் எத்தினை வருசம் கிடக்கு?"

"சொல்லாமல் இருக்க ஏலாமல் போச்சு."

"அந்தாள் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப ஒண்டும் செய்யவும் மாட்டார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு தன்ரை ஊருக்குப் போற மனுசன், எல்லாம் பிழையெண்டு சொல்லிக்கொண்டு வெறுங்கையோடை போய் நிப்பாரே? பேசாமல் இரும்."

நான் பேசாமல் இருந்தேன். டாக்டர் எக்லே ரீகா போய் இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். உரை எப்படி என்று கேட்டேன்.

"மண்டபம் நிறைந்திருந்தது. இடமில்லாமல் நின்றார்கள்."

"என்ன பேசினீர்கள்?"

"பேச வேண்டியதைப் பேசினேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அவரும் விழுங்கிவிட்டார். ஊராரின் கைதட்டுக்கு முன்னால் அவராலும் முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் பிறகு ஓர் இளக்காரம். இருபது வருடம் ஒரு மைக்ரோனுக்காக என் உயிரை வாங்கியவர், கடைசியில் என்னைப் போல ஓராள்தான். அந்த நினைப்பில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதைப் பொத்திவைத்துக்கொண்டேன்.

அந்த வருட முடிவில் அவர் ஓய்வு பெற்றார். அளவுப் பொறியையும் நிறுத்தினார்கள். அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போது முழு வானத்தையும் இயந்திரமே ஒரு நாளில் அளந்துவிடுகிறதாம், நல்ல காரியம். என்னை நகரத்துக்குள் பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கீழ்த்தளத்தில் அறிவியல் நூலகம், மேல்தளத்தில் நாங்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஒவ்வொரு டிசம்பரிலும் டாக்டர் எக்லேயிடமிருந்து நத்தார் வாழ்த்து அட்டை வரும். முதல் இரண்டுக்குப் பதில் போட்டேன். பிறகு போடவில்லை. அப்புறம் ஒரு தை மாதம் அவர் இறந்துவிட்டதாக அலுவலகச் சுற்றறிக்கையில் இரண்டு வரி வந்தது, இறுதிச் சடங்கு நாளோடு.

போன மாதம் வந்த பெண்ணின் பெயர் இனேசே. லத்வியாக்காரி. முப்பது வயதிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் சேர்ந்தபின் லண்டனுக்கு வந்த ஆயிரம் பேரில் ஒருத்தி. பகலில் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை, மிச்ச நேரம் டாக்டர் எக்லேயின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறாள். கட்டுரையில் இருந்த நன்றி வரியைப் பிடித்துக்கொண்டு, தொலைபேசிப் புத்தகத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்திருந்தாள். சிவலிங்கம் குசினியில் தேநீர் போட்டுக் கொண்டுவந்து தந்துவிட்டு, அதன் கதவைத் திறந்தபடியே விட்டு உள்ளே இருந்தார்.

அவள் ஒரு நகலை எடுத்து என் முன்னால் வைத்தாள். நாங்கள் கட்டுரை வெளியிட்ட அதே இதழ். பதினொரு வரிக் குறிப்பு. டாக்டர் எக்லேயின் பெயர். குறிப்பிட்ட குளிர்காலத்தின் தகட்டு அளவுகள் பிழையானவை என்றும், அவற்றைச் சரிபார்க்கும் கடமை தன்னுடையது என்றும், தான் சரிபார்க்காமல் கையெழுத்திட்டதாகவும், நட்சத்திரத்துக்குத் துணை இருப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தார். என் பெயர் இல்லை. ரீகாவிலிருந்து திரும்பி வந்து ஆறாம் மாதம் வெளிவந்தது. பிறகு நான் வேலை செய்த கட்டடத்தின் கீழ்த்தள நூலகத்தில் அந்த இதழ் இருந்திருக்கும். நான் ஒவ்வொரு நாளும் அந்த நூலக வாசலைக் கடந்துதான் படியேறினேன்.

"இது எழுதுவதற்கு முன்பே ரீகாவில் சொல்லிவிட்டார்" என்றாள் இனேசே. "என் அம்மா அந்த மண்டபத்தில் இருந்தார். எங்கள் ஊரில் உரை முடிந்ததும் பூங்கொத்துக் கொடுப்பது வழக்கம். இவர் ஒரு மணித்தியாலம் அந்த நட்சத்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில், இதெல்லாம் பிழை, பிழை என்னுடையது, இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாராம். பூ வைத்திருந்தவர்கள் கொடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்களாம். அதன் பிறகு எவரும் அவரை அழைக்கவில்லை. அவரும் திரும்பி வரவில்லை."

என் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன்.

அவள் தன்னுடைய புத்தகத்தில் இதற்கு ஓர் அத்தியாயம் வைத்திருந்தாள். ஊரை இழந்த மனிதர், தனிமையில், தனி நட்சத்திரம் ஒன்றுக்குத் துணை தேடினார். ஆசைப்பட்டதைக் கண்கள் கண்டன. வயது போன கவனக்குறைவும் சேர்ந்துகொண்டது. இப்படி அழகாக எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மனிதருடைய கண்ணுக்கு ஆசையே கிடையாது, ஒரு மைக்ரோன் வலது மட்டும்தான்.

"அது அப்படியில்லை" என்றேன்.

குசினியிலிருந்து சிவலிங்கத்தின் குரல் வந்தது. "இஞ்சேரும், தேவையில்லாத கதை கதையாதேயும். செத்த மனுசன் தானே ஏற்றுக்கொண்டிட்டுது. பிறகேன்?"

"அதுக்குத்தான் சொல்லப்போறன். நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே எழுதியதைத்தான், இதைவிடக் குழப்பமாக. முப்பத்தொரு தகடு, கழித்தல், கதவடியில் நின்று அவர் சொன்ன பதினொரு வருடம். இனேசே எழுதிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, அவர் இரக்கத்தால் கையெழுத்து வைத்தாரா அல்லது சோம்பலாலா என்று கேட்டாள். சோம்பல் என்பது அவரிடம் இருக்கவில்லை என்றேன். தன் அத்தியாயத்தின் தலைப்பைக் குறுக்கே வெட்டினாள்.

போகப் புறப்பட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டாள். அவருக்குக் குடும்பம் இருக்கவில்லை. இறுதிச் சடங்குக்கு ஏழு பேர்தான் வந்தார்களாம். அதில் இரண்டு பேரை இன்னும் அடையாளம் தெரியவில்லை.

"ஒருவர் நீங்கள்தானே?" என்றாள்.

"இல்லை."

"லண்டனில் இருக்கவில்லையா?"

வயது, பனி, வேலை, எத்தனையோ காரணம் வாய்க்கு வந்தது. சிவலிங்கம் குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லண்டனில்தான் இருந்தேன். கேட்டால் லீவும் தந்திருப்பார்கள்" என்றேன். "அவர் ரீகாவில் பொய் சொல்லிவிட்டு வந்தார் என்று நினைத்திருந்தேன். பொய் சொன்ன ஆளுடைய செத்தவீட்டுக்கு ஏன் போகவேண்டும் என்று நினைத்து, அன்றைக்கு வேலைக்குப் போனேன்."

இனேசே கோட்டோடு மறுபடி உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதையும் எழுதலாமா என்று கேட்டாள்.

எழுதச் சொன்னேன்.